குரல் அமுங்குகிறதா? டிராக்குகளைத் தனியே கேட்பதும் சேர்த்துச் சமன்செய்வதும்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள், தனித்தனியாகப் பதிந்த டிராக்குகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங் பக்கம் வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்: "குரல் உள்ளே போய்விடுகிறது, என்ன செய்யலாம்?" குரலின் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். உடனே தபேலா கேட்காது. அதை ஏற்றினால் கிட்டார் காணாமல் போகும். கிட்டாரையும் ஏற்றி முடிக்கும்போது மீட்டர் சிவப்பைத் தொட்டிருக்கும், குரல் பழையபடி உள்ளேயே கிடக்கும்.

இதிலிருந்து வெளியே வர இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஒரு டிராக்கை மட்டும் தனியே கேட்க வைக்கும் சோலோ பட்டனைக் குறை கண்டுபிடிக்க மட்டும் அமுக்குவது ஒன்று. அளவை முடிவு செய்யும்போது எல்லா டிராக்கையும் ஓடவிட்டு, தூக்கலாக இருப்பதைக் குறைப்பது இன்னொன்று. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

ஐந்து டிராக் உள்ள ஒரு மெல்லிசைப் பாடலை எடுத்துக்கொள்வோம்: குரல், கிட்டார், கீபோர்டு, தபேலா, சுருதிப்பெட்டி. மென்பொருள் ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பையும் திணறடிக்காது. இங்கே சொல்வது அதன் 3ஆம் வரிசைப் பதிப்புகளுக்குப் பொருந்தும். நீங்கள் ரீப்பர், கியூபேஸ், காரேஜ்பேண்ட் என்று வேறு எதை வைத்திருந்தாலும் மியூட், சோலோ, வால்யூம், பேன் (ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்துவது) ஆகிய நான்கும் ஒவ்வொரு டிராக்கின் ஓரத்திலும் இருக்கும். வேலை ஒன்றுதான், பட்டன் இருக்கும் இடம் மாறும்.

முதல் படி: பதிவிலேயே பிரிப்பது

டிராக்கைத் தனிமைப்படுத்தும் வேலை மென்பொருளில் தொடங்குவதில்லை, மைக்கின் முன்னால் தொடங்குகிறது. ஒரே அறையில் பாடகரும் தபேலாக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு மைக் வைத்துப் பதிவு செய்தால், திரையில் இரண்டு டிராக் தெரியும். ஆனால் குரல் மைக்கில் தபேலாவும் பாதி விழுந்திருக்கும். பிறகு குரலை 3 டெசிபல் ஏற்றினால், அதனுள் ஒளிந்திருக்கும் தபேலாவும் அதே 3 டெசிபல் ஏறும். அந்தத் தபேலா தூரத்திலிருந்து, சுவரில் மோதி வந்த தபேலா என்பதால் கலங்கலாகவும் ஒலிக்கும். தபேலா டிராக்கை மியூட் செய்தும் தபேலா கேட்கிறதே என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

ஒரே நேரத்தில்தான் பதிவு செய்தாக வேண்டும் என்றால் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான குரல் மைக்குகள் கார்டியாய்டு வகை. முதுகுப் பக்கத்திலிருந்து வரும் ஒலியைக் குறைவாகவே வாங்கும். அந்த முதுகு தபேலாவைப் பார்த்திருக்கட்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. அதனால்தான் அறையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாலும் கசிவு நிற்பதில்லை. ஜன்னலில் கனத்த திரை, தரையில் ஜமுக்காளம், பின்னால் துணி நிறைந்த அலமாரி இவை செய்யும் உதவி அதிகம்.

ஒருவர் பின் ஒருவராகப் பதிவு செய்ய முடிந்தால் அதையே செய்யுங்கள். ஜெனரேட் மெனுவில் உள்ள ரிதம் டிராக் மூலம் ஒரு மெட்ரனோம் டிராக் உருவாக்கி, முதலில் சுருதியையும் கிட்டாரையும் பதியுங்கள். அடுத்தவர் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். ஆடாசிட்டியில் ஆர் விசையை அமுக்கினால் ஏற்கனவே உள்ள டிராக்கின் வாலில் பதிவு ஒட்டிக்கொள்ளும். ஷிஃப்டும் ஆரும் சேர்த்து அமுக்கினால்தான் புது டிராக் திறக்கும்.

ஹெட்போன் காதை முழுதாக மூடும் வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையானால் மெட்ரனோமின் 'டிக் டிக்' மைக்கில் விழும், பல்லவி முடிந்து குரல் அடங்கும் இடத்தில் அது தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். புளூடூத் ஹெட்போன் பதிவுக்கு வேண்டவே வேண்டாம். ஒலி காதுக்கு வந்து சேரவே பல மில்லிநொடி தாமதமாகும், பாடுகிறவர் அந்தத் தாமதத்தைத் துரத்திக்கொண்டே பாடுவார்.

வயர் ஹெட்போனிலும் சிறு தாமதம் உண்டு. கணினி ஒலியை வெளியே அனுப்பி, உள்ளே வாங்கி எழுதுவதற்கு ஆகும் நேரம் அது. ஆடாசிட்டி இதை ஈடுகட்ட புதுப் பதிவை 130 மில்லிநொடி முன்னால் நகர்த்தி வைக்கும். ஆனால் அந்த எண் உங்கள் கணினிக்குச் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மெட்ரனோமை ஹெட்போனில் ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிவைத்து, புது டிராக்கில் பதிவு செய்யுங்கள். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூல 'டிக்'குக்கும் பதிவான 'டிக்'குக்கும் உள்ள இடைவெளி கண்ணில் படும். ப்ரிஃபரன்ஸஸில் ஆடியோ செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் லேட்டன்சி காம்பென்சேஷன் எண்ணில் அந்த இடைவெளியைச் சரிக்கட்டுங்கள்: பதிவு தாமதமாக விழுந்திருந்தால் அவ்வளவு மில்லிநொடி மேலும் முன்னால் நகரும்படி, முந்தியிருந்தால் அவ்வளவு குறைவாக. கருவியையோ ஹெட்போனையோ மாற்றாதவரை மறுபடி தொட வேண்டியதில்லை. வாசிப்பவர் தாளத்தில் சரியாக இருந்தும் பாட்டு ஆடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பதிவாகும் அளவு: மீட்டரில் பூஜ்ய டெசிபல்தான் கூரை. மிக உரத்த இடத்தில் அது மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, அலை சின்னதா இருக்கே" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பதிவின்போதே பூஜ்யத்தைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியை எந்த எஃபெக்டாலும் பழையபடி ஆக்க முடியாது.

இரண்டாம் படி: சோலோவும் மியூட்டும், ஒரு பொறியும்

டிராக்குகளுக்குப் பெயர் வையுங்கள். 'ஆடியோ டிராக் 4' என்பது தபேலாவா கீபோர்டா என்று யோசிப்பதிலேயே காதின் கவனம் போய்விடும். பெயர் வைத்தபின் புராஜெக்டைச் சேமித்து, வேறு பெயரில் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

டிராக்கின் இடது ஓரப் பலகையில் மியூட், சோலோ பட்டன்கள் இருக்கின்றன. மியூட் அமுக்கினால் அந்த டிராக் மட்டும் ஊமையாகும். சோலோ அமுக்கினால் அது மட்டும் பேசும், மற்றவை ஊமை. விசைப்பலகையில் ஷிஃப்ட்டோடு யூ மியூட்டுக்கு, ஷிஃப்ட்டோடு எஸ் சோலோவுக்கு. எந்த டிராக் தேர்வில் நிற்கிறதோ அதன்மேல் வேலை செய்யும்.

பொறி இங்கேதான். ஆடாசிட்டியை நிறுவியதும் சோலோ பட்டன் 'சிம்பிள்' என்ற முறையில் இருக்கும். இதில் ஒரு நேரத்தில் ஒரு டிராக்தான் சோலோவாகும். அதை அமுக்கியதும் மற்ற எல்லாவற்றின் மியூட் பட்டனும் தானாக விழும். சோலோவை எடுத்ததும் எல்லா மியூட்டும் தானாக எழும். நீங்கள் வேண்டாம் என்று முன்பே மியூட் செய்து வைத்திருந்த பழைய டேக்கும் (முன்பு பாடிப் பதிந்தது) மெட்ரனோமும் அதோடு சேர்ந்து எழுந்துகொள்ளும். இறுதிப் பாட்டில் திடீரென்று இரண்டு குரல் கேட்பது இப்படித்தான் நடக்கிறது.

இதைத் தவிர்க்க எடிட் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ், அதில் டிராக்ஸ் பிஹேவியர்ஸ் பகுதிக்குப் போய், சோலோ பட்டனுக்கு 'மல்டி-டிராக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மியூட் தனி, சோலோ தனி. குரலையும் தபேலாவையும் மட்டும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றால் இரண்டின் சோலோவையும் அமுக்கினால் போதும். சிம்பிள் முறையிலேயே இருக்க விரும்பினால், இரண்டாவது டிராக்கின் சோலோவை ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அமுக்குங்கள்.

மூன்றாம் படி: சோலோவில் என்ன கேட்க வேண்டும்

ஒவ்வொரு டிராக்கையும் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை சோலோவில் கேளுங்கள். இது துப்புரவு வேலை. 'அழகாக இருக்கிறதா' என்ற கேள்வியை இப்போது கேட்காதீர்கள். 'இங்கே இருக்கக் கூடாதது என்ன இருக்கிறது' என்று மட்டும் கேளுங்கள்.

குரலில் தேட வேண்டியவை: மின்விசிறி இரைச்சல், 50 ஹெர்ட்ஸ் மின்சார 'ஹம்', 'ப' வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதும் 'புஃப்', 'ச', 'ஸ' ஒலிகளின் சீறல், தாள் புரட்டும் சத்தம், தெருவில் போன ஆட்டோ. பாடகர் பாடாத இடைவெளிகளைத் தேர்ந்து அமைதியாக்கிவிடலாம். மூச்சொலியை மட்டும் முழுதாக வெட்டாதீர்கள். மூச்சே விடாமல் ஒருவர் பாடினால் கேட்பவருக்கு ஏதோ உறுத்தும். 6 முதல் 10 டெசிபல் வரை குறைத்துவிட்டால் போதும்.

குரலின் அடிப்பகுதியில் இரைச்சல் இருந்தால் எஃபெக்ட் மெனுவில், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை எடுத்து 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பெண் குரலுக்கு 100 வரை போகலாம். ரோல்-ஆஃப், அதாவது எல்லைக்குக் கீழே ஒலி எவ்வளவு செங்குத்தாகக் குறைய வேண்டும் என்பது, 12 டெசிபல். அந்த எல்லைக்குக் கீழே குரலின் உடல் ஏதும் இருக்காது, விசிறியும் மேசை அதிர்வும்தான் இருக்கும். இந்த ஃபில்டர் அலையையே மாற்றி எழுதிவிடும் என்பதால், கன்ட்ரோலும் டியும் அமுக்கி ஒரு நகல் எடுத்து, மூலத்தை மியூட்டில் வைத்துவிட்டு நகலில் செய்யுங்கள்.

கிட்டாரில் விரல் கம்பியில் உரசும் ஒலியைத் தேடுங்கள். தபேலாவில் சுருதி இறங்கியிருக்கிறதா என்பதைச் சுருதிப்பெட்டியோடு சேர்த்து இரட்டைச் சோலோவில் கேளுங்கள். ஏசி ஓடிய அறையில் பதிவு தொடங்கியபோது சேர்ந்திருந்த தபேலா, பாட்டு முடியும்போது அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அப்படி இறங்கியிருந்தால் மிக்ஸிங்கில் மல்லுக்கட்டாதீர்கள். சுத்தியலை எடுத்துச் சேர்த்து, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

இத்தோடு சோலோவின் வேலை முடிந்தது. சோலோவிலேயே உட்கார்ந்து கிட்டாரைக் கொழுகொழுவென்று ஆக்கி, கீபோர்டுக்கு எதிரொலி போட்டு, தபேலாவுக்கு இடிமுழக்கம் சேர்த்தால், ஐந்தும் தனித்தனியே பிரமாதமாக ஒலிக்கும். சேர்த்துப் போட்டால் எதுவும் எதற்கும் வழிவிடாது.

நான்காம் படி: சமன்செய்வது

எல்லா வால்யூம் வழுக்கிகளையும் (அளவை ஏற்றி இறக்க இழுக்கும் குமிழ்கள்) அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஆடாசிட்டியில் அது மைனஸ் 36 முதல் பிளஸ் 36 டெசிபல் வரை போகும். பிளஸ் பக்கம் நமக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மைனஸ் 12 டெசிபல் என்பது முழு அளவில் கால் பங்கு. நான்கு டிராக்கும் ஒரே கணத்தில் கால் பங்கைத் தொட்டால் கூட்டுத்தொகை ஒன்று, அதாவது பூஜ்ய டெசிபல், கூரை. ஐந்தாவது டிராக் வந்தால் கூரை பிய்த்துக்கொள்ளும். எல்லா உச்சங்களும் ஒரே கணத்தில் சந்திப்பது அரிது. ஆனால் பல்லவியின் முதல் தட்டில் தபேலாவும் கிட்டாரும் குரலும் சேர்ந்து விழும்போது அது நடந்துவிடும்.

முதலில் குரல். தாளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு, நடனப் பாடலுக்கு அது சரி. வரிகள் முக்கியமான மெல்லிசைக்குக் குரலை முதலில் நிறுத்திவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி உட்கார வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். குரலின் உச்சம் மைனஸ் 10 டெசிபலுக்கு அருகில் வரும்படி வழுக்கியை வையுங்கள். இனி அதைத் தொடக் கூடாது. பாடலில் மிக நெரிசலான இடத்தை, பெரும்பாலும் கடைசிப் பல்லவியாக இருக்கும், தேர்ந்து திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள்.

அடுத்து தபேலா. அடிமட்டத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 'ஆ, இப்போது கேட்கிறது' என்று தோன்றும் இடத்தில் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் ஏற்றி, குரலின் சொற்கள் மங்கத் தொடங்கும் இடத்தையும் குறியுங்கள். முதல் எண் மைனஸ் 14, இரண்டாவது மைனஸ் 6 என்றால், சரியான இடம் நடுவில் எங்கோ மைனஸ் 10, மைனஸ் 9 பக்கம் இருக்கும். வழுக்கியை இருமுறை கிளிக் செய்தால் எண்ணைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வரும். சுட்டியால் இழுத்து நூலிழைக் கணக்குப் பார்ப்பதைவிட இது எளிது. கிட்டார், கீபோர்டு இரண்டையும் இதே முறையில் கொண்டுவாருங்கள்.

சுருதிப்பெட்டி கடைசி. அது கேட்கிறது என்று கேட்பவருக்குத் தெரியவே கூடாது. மியூட் செய்தால் மட்டும் பாட்டின் அடியில் எதையோ உருவிவிட்டது போலத் தோன்ற வேண்டும். அந்த அளவு வந்ததும் விட்டுவிடுங்கள்.

அளவு சரியா என்று பார்க்கச் சோலோவைவிட மியூட் நல்ல கருவி. முழுப் பாட்டும் ஓடும்போது கீபோர்டை நான்கு தாளத்துக்கு மியூட் செய்து, மறுபடி திறவுங்கள். எந்த வித்தியாசமும் தெரியவில்லையா? ஒன்று, அது போதிய அளவில் இல்லை. இல்லையென்றால் அந்த இடத்தில் அது தேவையே இல்லை. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. சரணத்தில் கீபோர்டை எடுத்துவிட்டு இடையிசையில் மட்டும் வைத்தால் குரல் தானாக முன்னால் வரும், யாரும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. மறுபுறம், மியூட் செய்ததும் "அப்பாடா" என்று இருந்தால் அது தூக்கலாக இருக்கிறது. 2 டெசிபல் குறையுங்கள்.

ஐந்தாம் படி: ஒரே இடத்துக்கு இருவர் போட்டியிட்டால்

அளவெல்லாம் சரியாக வைத்தும் குரல் தெளியவில்லை என்றால், பிரச்சினை உரப்பில் இல்லை. இரண்டு கருவிகள் ஒரே அதிர்வெண் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த ஐந்து டிராக்கில் அப்படி இரண்டு மோதல்கள் இருக்கும். ஒன்று அடியில்: தபேலாவின் இடக்கைத் தொனியும், கீபோர்டில் இடது கை அமுக்கும் தாழ்ந்த சுரங்களும். இரண்டும் சேர்ந்து 'கும்'மென்று ஒரு மந்தம் வரும். கீபோர்டுக்கு ஹை-பாஸ் ஃபில்டரை 150 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் 200. இப்போது கீபோர்டைச் சோலோவில் கேட்டால் சவசவவென்று, தகரம்போல ஒலிக்கும். பதறி அதைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கீபோர்டு மெலிந்தது யாருக்கும் தெரியாது, தபேலாவின் 'தும்' மட்டும் தெளிந்திருக்கும். சோலோவில் அளவையும் தொனியையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

இன்னொன்று மேலே. சொற்களின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. 'க', 'ச', 'ட', 'த' எல்லாம் பிரிந்து கேட்பது அங்கேதான். கிட்டாரை வேகமாக மீட்டும்போது கம்பிகளின் கீறல் ஒலியும் அதே இடத்தில் வந்து விழும். குரலை ஏற்றாதீர்கள். அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஃபில்டர் கர்வ் ஈக்யூவைத் திறந்து, கிட்டாரில் 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம், 3 டெசிபல் ஆழம். அந்தப் பள்ளத்தில் குரல் உட்கார்ந்துகொள்ளும்.

பேன் இதற்குத் துணை செய்யும். குரலும் தபேலாவும் நடுவில். கிட்டாரை இடப்பக்கம் 30 அல்லது 40 சதவீதம், கீபோர்டை வலப்பக்கம் அதே அளவு. நூறு சதவீத ஓரத்துக்குத் தள்ளினால், ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேருந்தில் கேட்பவருக்குக் கிட்டாரே இருக்காது. அப்படிக் கேட்பவர்கள்தான் நம் ஊரில் நிறைய.

ஆறாம் படி: ஓடும் பாட்டில் ஏறி இறங்குவது

வழுக்கியில் வைத்த அளவு பாட்டு முழுவதற்கும் ஒன்று. குரல் அப்படி இருப்பதில்லை. உச்சஸ்தாயியில் சீறும், அனுபல்லவியில் அடங்கும். தமிழ் வரிகளில் இன்னொரு சங்கடம்: வினைச்சொல் வரியின் கடைசியில் வருகிறது, பாடகரின் மூச்சும் அங்கேதான் தீர்கிறது. 'வந்தாயோ', 'மறந்தேனே' என்று வரியின் பொருள் முடியும் அசை காற்றில் கரைந்துபோகும்.

இதற்கு என்வலப் கருவி. எஃப்2 அமுக்கினால் டிராக்கின் மேல் ஒரு கோடு வரும். அமுங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, நடுவில் இரண்டு புள்ளிகள். நடுவில் உள்ளவற்றை மட்டும் 2 முதல் 3 டெசிபல் மேலே இழுங்கள். முடிந்ததும் எஃப்1 அமுக்கிப் பழைய கருவிக்குத் திரும்புங்கள். வரி வரியாகச் செய்ய வேண்டியிருப்பதால் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவரின் மிக்ஸை உயர்த்துவதில் இதற்கு ஈடான வேலை இல்லை.

கம்ப்ரஸர் இதையே தானாகச் செய்யும் என்பார்கள். ஓரளவு செய்யும். ரேஷியோ (எவ்வளவு அழுத்துவது) மூன்றுக்கு ஒன்று வைத்து, உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் மட்டும் குறையும்படி த்ரெஷோல்டை (எந்த அளவுக்கு மேல் அழுத்தத் தொடங்குவது) அமையுங்கள். அதற்கு மேல் போனால் மூச்சும் விசிறியும் முன்னால் வந்து நிற்கும். முதலில் என்வலப், பிறகு கம்ப்ரஸர் என்ற வரிசையில் போனால் கம்ப்ரஸருக்கு வேலை குறைவு, பாட்டுக்கும் சேதம் குறைவு.

ஏழாம் படி: காதை ஏமாறவிடாமல் சோதிப்பது

உரக்கக் கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மனிதக் காது மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுரங்களைக் குறைவாக உணர்கிறது, உரப்பு கூடும்போது அவை நிரம்பி வருகின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். ஆகவே சமன்செய்யும் வேலையைப் பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவு மெல்லிய ஒலியில் செய்யுங்கள். அந்த ஒலியிலும் வரிகள் புரிந்தால் குரல் சரி.

ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கேளுங்கள். எது தூக்கல் என்பது கதவுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும். பிறகு கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில். அதில் தபேலாவின் அடித்தொனி காணாமல் போவது இயல்பு; குரலோ கிட்டாரோ காணாமல் போனால் அது இயல்பில்லை. ஒரே கருவிக்கு இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்திருந்தால், இரண்டு அலைகளும் எதிரெதிராக நின்று, மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும்போது) ஒன்றையொன்று தின்றிருக்கலாம். ஒரு மைக்கின் டிராக்கில் எஃபெக்ட் மெனுவிலுள்ள, அலையைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டைப் போட்டுப் பாருங்கள். உடல் திரும்பி வந்தால் காரணம் அதுவே.

ஒப்பிட்டுப் பார்க்க, உங்களுக்குப் பிடித்த இதே வகைப் பாடல் ஒன்றைத் தனி டிராக்காக உள்ளே கொண்டுவரலாம். வெளியான பாடல் உரத்து ஒலிக்கும். அதன் வால்யூமை உங்கள் மிக்ஸின் அளவுக்கு இறக்கியபிறகே ஒப்பிடுங்கள், இல்லையென்றால் உரப்பையே அழகு என்று காது சொல்லும். இரவு முழுக்கக் கேட்ட மிக்ஸைப் பற்றி அன்றிரவே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வெளியே எடுக்கும் முன்

ஆடாசிட்டி எக்ஸ்போர்ட் செய்யும்போது மியூட்டில் உள்ள டிராக்குகளை விட்டுவிடும். ஏதாவது ஒன்று சோலோவில் இருந்தால் அது மட்டும்தான் கோப்பில் போகும். ஆகவே பட்டனை அமுக்கும் முன் இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள்: சோலோ எதுவும் எரியக் கூடாது, மெட்ரனோமும் ஒப்பீட்டுப் பாடலும் பழைய டேக்குகளும் மியூட்டில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுப் பாடல் உங்கள் பாட்டோடு சேர்ந்து வெளியானால் காப்புரிமைத் தொல்லையும் கூடவே வரும்.

முழுப் பாட்டையும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டினால் எல்லா வழுக்கிகளையும் ஒரே அளவில், சொல்லப்போனால் 3 டெசிபல், இறக்குங்கள். சமன் மாறாது. ஸ்பாட்டிஃபை தன் பாடல்களை ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தே ஒலிக்கிறது. அதனால் பிதுக்கிப் பிதுக்கி உரக்க வைப்பதில் லாபம் ஒன்றுமில்லை. சேமிப்புக்கு வேவ், 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட். வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3.

ஏற்கனவே கலந்துவிட்ட பாட்டைப் பிரிக்க முடியுமா?

தனித்தனி டிராக் கையில் இல்லை, பழைய கச்சேரிப் பதிவு ஒற்றைக் கோப்பாக இருக்கிறது, குரலை மட்டும் எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவின் டெமக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துத் தருகின்றன. குரலை எடுப்பதில் ஆச்சரியப்படுத்தும். ஆனால் இவை பெரும்பாலும் மேற்கத்திய பாப் பாடல்களைக் கேட்டுப் பழகியவை. மிருதங்கத்தின் சொற்கள் பாதி டிரம்ஸிலும் பாதி 'மற்றவை'யிலும் சிதறலாம். குரலைப் போலவே வளையும் நாதஸ்வரமும் வயலினும் குரல் கோப்புக்குள் எட்டிப்பார்க்கலாம். பாடிப் பழக, சுரம் எழுத, கரோக்கி செய்ய இது போதும். வெளியிடும் பாட்டுக்கு இதை நம்பிப் பதிவின்போது சோம்பல்படாதீர்கள்.

மிக்ஸிங்கை வேறொருவரிடம் கொடுப்பதானால்

உங்கள் சமன்செய்தலை முடித்தபிறகும் அனுபவமுள்ள ஒருவரிடம் டிராக்குகளைக் கொடுத்துப் பார்க்க நினைத்தால், புராஜெக்டின் ஒரு பிரதியைத் திறந்து எல்லா வழுக்கிகளையும் பூஜ்யத்துக்கும், பேனை நடுவுக்கும் கொண்டுவாருங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த வழுக்கி, பேன் மாற்றங்கள் கோப்பில் எழுதப்பட்டுவிடும் என்பதால் இது தேவை. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுங்கள். முன்னால் உள்ள வெற்றிடத்தை வெட்டும் தேர்வு அணைந்திருக்கட்டும்; தபேலா 20ஆவது நொடியில்தான் நுழைகிறது என்றாலும் அதன் கோப்பும் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் வாங்குகிறவர் தன் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகப் போட்டதும் தாளம் பிசகாமல் உட்காரும். கூடவே நீங்கள் சமன்செய்த மிக்ஸையும் ஒரு எம்பி3யாக அனுப்புங்கள். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதை அவர் அதைக் கேட்டுப் புரிந்துகொள்வார். பாட்டின் வேகம், சுருதிக் கட்டை, வரிகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.